யாளியின் முதுகுத் தையல்

பஸ் சீட் தைக்கும் பட்டறையில் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. காலரில் எப்போதும் நாலைந்து ஊசி குத்தியிருக்கும். பிரியம் மிகுதியில் ஓடிவந்து கட்டிப்பிடித்தவர்கள் ‘ஐயோ’ என்று அலறி விலகியது உண்டு. இருபத்திரண்டு வருடமாக அவள் தைத்த சீட்டில் ஒரு தடவையாவது உட்காராத ஆள் அந்த ஊரில் இருக்க முடியாது. ஆனால் பஸ்ஸில் ஏறுகிறவன் எவன் சீட்டைப் பார்க்கிறான்? ஏறியதும் ஜன்னலைப் பார்க்கிறான், இறங்கும்போது கைப்பையைப் பார்க்கிறான். கிழிந்தால் மட்டும்தான் சீட்டுக்குக் கவனிப்பு. அதில் அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு, வெளியே சொல்லமாட்டாள். வெளியே சொல்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அவள் பேசாத குறையையெல்லாம் சேர்த்து வைத்துத் தீர்க்கத்தான் கடவுள் அவளுக்கு ஒரு தபால்காரரைக் கட்டிவைத்தார். மனிதருக்குப் பேச்சு இருந்தால் சோறு தண்ணி வேண்டாம். ஒரு கடிதம் கொடுக்கப் பத்து நிமிடம். வாங்குகிறவர் வீட்டு வைத்தியம், வாடகைத் தகராறு, மாடிப்படி உடைந்த கதை எல்லாம் கேட்டு, தன் பங்குக்கு நாலு சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாசல். “இவனுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்” என்பார் அவருடைய அக்கா. அந்த அக்கா, அதாவது ஊசியக்காவின் நாத்தனார், ரயில்வே டிக்கெட் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கள்ள நோட்டைத் தொட்டே சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார், வாயோடுதான் வந்தார்.

மிருக வேஷம் தைக்கிற பைத்தியம் ஊசியக்காவுக்கு ஒரு கரடியில் ஆரம்பித்தது. மகள் சின்ன வகுப்பில் படித்தபோது பள்ளி நாடகத்தில் அவளுக்குக் கரடி வேடம். நீள முடி வைத்த ஃபர் துணி வாங்கிவந்து, சீட் துணியை வெட்டுகிற அதே கத்தரிக்கோலால் சரக் சரக்கென்று வெட்டித் தைத்துவிட்டாள். கத்தரி துணியோடு மேலே இருந்த முடியையும் சேர்த்து வெட்டியதில், தையல் போன இடமெல்லாம் கரடிக்கு வழுக்கை. போதாக்குறைக்கு ஒரு காலில் முடி கீழ்நோக்கிப் படிய, இன்னொரு காலில் மேல்நோக்கி நட்டுக்கொண்டு நின்றது. நாடகம் முடிந்ததும் டீச்சர் பரிவாகக் கேட்டார்: “கரடிக்கு ஏதாவது சீக்கா?”

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் ஊசியக்கா அவமானம் பொறுக்கிற ஜென்மம் இல்லை. அன்றிலிருந்து ஒரு மாதம், வேலை விட்டு வந்ததும் துணியோடு மல்லுக்கு நின்றாள். துணியைக் குப்புறப் போட்டு, அடித்துணியை மட்டும் பிளேடால் கீறி, முடியை ஒன்றுகூட வெட்டாமல் பிரித்தெடுக்கக் கற்றாள். ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் முடி எந்தப் பக்கம் படிகிறது என்று பென்சிலால் அம்பு போட்டாள். முக்கியமான வித்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே கண்டுபிடித்தாள். தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடியை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டுச் சீவினால், இரண்டு துண்டு சேர்ந்த இடம் இருந்த சுவடே தெரியாது. அந்தக் கரடியை முழுசாகப் பிரித்து மறுபடி தைத்தாள். நாடகம் முடிந்து ஒன்றரை மாதம் கழித்துக் கரடி பூரண குணமடைந்தது.

அப்புறம் ஓநாய். அதற்கு அளவெடுக்க வீட்டில் கிடைத்த ஒரே ஆள் தபால்காரர். ஸ்பாஞ்சில் செதுக்கிய ஓநாய்த் தலையை அவர் தலைமேல் கவிழ்த்தாள். அதுவரை பக்கத்துத் தெரு மளிகைக்கடைப் பங்குச் சண்டையை விளக்கிக்கொண்டிருந்தவர் பட்டென்று நிறுத்திவிட்டார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. மூச்சு முட்டிவிட்டதோ என்று பயந்துபோய்த் தலையைத் தூக்கினாள்.

“ஏங்க! உயிரோட இருக்கீங்களா?”

“ஓநாய் எங்கயாவது பேசுமா?” என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் தைப்பாள், அவர் போடுவார். கடிதம் சுமந்து பழகிய கால், படிக்கட்டு ஏறிப் பழகிய முட்டி. ஓநாய் என்றால் தோளைத் தாழ்த்திப் பதுங்கி நடப்பார், ஆந்தை என்றால் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பார். வேஷத்துக்குள் இருக்கிறவரை ஒரு சொல், ஒரு இருமல் வெளியே வராது. “அந்த அரை நாள் நிம்மதிக்காகத்தான்டி நீ தைக்கிற, எனக்குத் தெரியாதா?” என்று நாத்தனார் கேட்பார். ஊசியக்கா சிரிப்பாளே தவிர மறுக்கமாட்டாள்.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, அறையைப் பூட்டி வைத்து அழுகிற ரகமாக அவள் இல்லை. மறு வாரமே கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தையல் மிஷினை ஜன்னலடியில் போட்டுவிட்டாள். “என் ரூம்ல இப்ப யாரும்மா இருக்கா?” என்று மகள் போனில் கேட்டாள். “ஒரு ஓநாய், ரெண்டு நரி, உங்கப்பா” என்றாள் இவள்.

வருடத்துக்கு ஒரு முறை, நகரத்துப் பெரிய விளையாட்டரங்கில் இந்த மாதிரி வேஷம் தைக்கிறவர்கள் போட்டிக்குக் கூடுவார்கள். கையால் செய்த மிருகங்கள், கதையில் வருகிற பிராணிகள், இறக்கை முளைத்தவை, கொம்பு முளைத்தவை. குழந்தைகுட்டிகளோடு ஊரே வந்து பார்க்கும். அங்கே இரண்டு கட்டுப்பாடு உண்டு: ஜனங்கள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது, வாயைத் திறந்து பேசக் கூடாது. மீறினால் போட்டியிலிருந்து வெளியே. மூச்சு வாங்கவும் வியர்வை துடைக்கவும் பின்பக்கம் மின்விசிறி வைத்த ஓர் அறை இருக்கிறது. உள்ளே இருப்பவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால், கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு துணையாள் வேண்டும். தபால்காரருக்குத் துணை அவருடைய அக்கா. வருடம் முழுக்கக் கேலி பேசிவிட்டு, அன்றைக்கு மட்டும் விடியும் முன்பே குளித்துத் தயாராக நிற்பார்.

பன்னிரண்டு வருடமாகப் போகிறார்கள். இரண்டு முறை மூன்றாவது பரிசு, அவ்வளவுதான். அதனால்தான் ஊசியக்கா யாளியில் கைவைத்தாள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, இரண்டையும் மிஞ்சுகிற கோபம்.

“அது என்ன சாப்பிடும்?” என்று கேட்டார் தபால்காரர்.

“பேசுறவங்கள” என்றாள்.

எட்டு மாதம் பிடித்தது. பிடரிக்கு மட்டும் நாலு வண்ணத்து ஃபர், கருஞ்சிவப்பில் தொடங்கிப் பொன்னிறத்தில் முடியும். துதிக்கைக்குள் ஸ்பாஞ்சு வளையங்களைக் கோத்துக் கயிறு விட்டிருந்தாள். உள்ளே இருப்பவர் இடது கையால் இழுத்தால் துதிக்கை மேலே எழும்பும். கண்ணுக்கு வலைத்துணியில் வண்ணம் தீட்டி, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நம்மையே முறைப்பதுபோல் குழிவாகப் பதித்தாள். உடம்பைப் பதினேழு துண்டாக வெட்டிச் சேர்த்தாள். உள்ளே வியர்வை இழுக்க, பட்டறையில் தூக்கி வீசுகிற சீட் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு உள்துணி கொடுத்தாள். சோற்றில் முடி, குடிதண்ணீரில் முடி, தபால்காரர் கொண்டுபோன கடிதக் கட்டுக்குள்ளும் முடி. “கரடி வச்சிருக்கீங்களா?” என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். “யாளி” என்று சொல்லி அரைமணி நேரம் விளக்கம் கொடுத்துவிட்டு வந்தார்.

முதுகுத் தையலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். பிடரியிலிருந்து வால்வரை ஆறு சாண். அதற்கு மிஷின் ஆகாது. வெளியே நூல் தெரியாமல், உள்ளுக்குள்ளேயே இரண்டு ஓரத்தையும் மாறிமாறிப் பிடித்து இழுக்கிற கைத்தையல் போட்டாள். பிறகு முடியை ஊசியால் வெளியே எடுத்துச் சீவி விட்டபோது, சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கே கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. இந்த முறை முதல் பரிசு என் வீட்டுக்குத்தான் என்று கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

அரங்கத்துக்குள் யாளி நுழைந்ததும் கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. தபால்காரர் அவசரப்படவில்லை. நாலடி நடப்பார், நிற்பார், தலையைத் திருப்பி ஒரு முறை முறைப்பார், துதிக்கையை மெல்ல உயர்த்துவார். குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடி, ஓடிய வேகத்தில் திரும்பி வந்து வாலைத் தொட்டன. நாத்தனார் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மகாராணி மாதிரி நடந்தார். பின்னாலேயே சீப்பும் கையுமாக ஊசியக்கா.

நடுவர் இந்த வருடம் புதியவர். நாடகக் கம்பெனிகளுக்கு நாற்பது வருடம் உடை தைத்தவர், எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் முதல் பரிசு வாங்கிய ஆள் தொழிற்சாலையில் செய்த வேஷத்தைப் பெட்டியோடு வாங்கி, கையால் செய்ததாகச் சொல்லியிருந்தார். பிறகு குட்டு வெளிப்பட்டுக் கூட்டத்துக்கே கெட்ட பெயர். எனவே மாஸ்டர் ஒவ்வொரு வேஷத்தையும் தடவித் தடவித் தையலைத் தேடினார். தையல் கோணலாக இருந்தால் அவருக்கு முகம் மலர்ந்தது. கையால் செய்ததற்கு அதுதானே அடையாளம்.

யாளியின் முதுகில் கைவைத்தார். மேலிருந்து கீழே தடவினார். கீழிருந்து மேலே தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தடவினார். முகம் மாறிவிட்டது.

“யாரும்மா இதைச் செஞ்சது?”

“நான்தாங்க.”

“இவ்ளோ பெரிய உடம்பு ஒரே துணியில வராது. தச்சுத்தான் ஆகணும். கையால தச்சா முதுகுல தெரியாம இருக்காது. நாப்பது வருஷமா தைக்கிறேன், எனக்கே அது வராது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல மனிதர்தான், அவமானப்படுத்த நினைக்கவில்லை. “படத்தைக் குடுத்தா எதை வேணும்னாலும் செஞ்சு அனுப்புறாங்க, அதுக்குன்னு மிஷின் இருக்கு. வாங்கினது தப்பில்லம்மா. வேடிக்கைக்கு நிக்கட்டும். போட்டியில மட்டும் சேக்க முடியாது.”

ஊசியக்கா யாளியின் முதுகைப் பார்த்தாள். எட்டு மாதம். பதினேழு துண்டு. பொய் சொல்லிப் பரிசு வாங்க வந்தவள் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அவள் வேலை சுத்தமாக இருந்ததே அவளுக்குக் குற்றமாகிவிட்டது. சொல்ல ஆயிரம் இருந்தது. சீப்பை எடுத்து, சீவிய முதுகையே மறுபடி சீவினாள்.

நாத்தனார் விடவில்லை. “வாங்கினதா? யாரைப் பாத்து என்ன பேச்சு! எட்டு மாசமா எங்க வீட்டுச் சோத்துல முடி! என் தலகாணியில முடி! காசு குடுத்து வாங்கியிருந்தா நான் ஏன்யா முடி திங்கணும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டார். “வீட்டாளு சாட்சி எப்படிம்மா செல்லும்?” என்று தாளில் கோடு போடப் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் யாளி பேசியது.

“ஐயா!”

பன்னிரண்டு வருடத்தில் இல்லாத அதிசயம். ஸ்பாஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று வந்த குரலைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை தாயின் காலைக் கட்டிக்கொண்டது. “ஐயா, என்னைய என்ன வேணா சொல்லுங்க. என் பொண்டாட்டியப் பொய்க்காரின்னு மட்டும் சொல்லாதீங்க. இதுல இருக்கற ஒவ்வொரு முடியும் அவ கைபட்டு நிக்குது. நான் கூடவே உக்காந்து பாத்தவன்.”

“யாளி பேசுது! யாளி பேசுது!” என்று குழந்தைகள் குதித்தன. நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடப்பாவி! வாயை மூட வேண்டிய ஒரே எடத்துலயும் தொறந்துட்டியே!”

மாஸ்டர் பேனாவை மூடினார். “பேசிட்டாரு. இனிமே போட்டியில இல்ல. வாங்கினதா, தச்சதான்னு பாக்க வேண்டிய வேலையும் இல்ல. விடுங்கம்மா.”

ஊசியக்கா தன் புருஷனைப் பார்த்தாள். எட்டு மாத உழைப்பை ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டு, துதிக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பேசியதெல்லாம் தராசில் ஒரு தட்டு, இப்போது பேசியது ஒரு தட்டு என்று நினைத்தாள். மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“பரிசு போனா போகட்டுங்க. வாங்கினதுன்னு சொன்ன சொல்லு நிக்குதே, அது போகணும். பிரிச்சுக் காட்டுறேன்.”

“பின்னாடி ரூமுக்குப் போயிக் கழட்டிக்கலாமே?”

“இங்கதான் சொன்னீங்க, இங்கயே பாருங்க.” தபால்காரர் இரண்டு கையாலும் தலையைத் தூக்கப் போனார். அவள் பட்டென்று கையைத் தட்டிவிட்டாள். “தலையக் கழட்டாதீங்க! போட்டி இல்லேன்னா என்ன, புள்ளைங்க பாக்குதுங்க இல்ல?”

ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு யாளியை உட்காரவைத்தாள். காலரிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை முடிக்குள் விட்டு, விரலால் ஒருமுறை தடவி, கண்ணை மூடிக்கொண்டே இடத்தைப் பிடித்தாள். நறுக். எட்டு மாதத்தில் அவள் பெருமைப்பட்ட ஒரே தையல். அதைத்தான் வெட்டினாள். கை நிற்கவில்லை. இரண்டு சாண் நீளத்துக்குப் பிரித்து, தையலின் வாயைப் பிளந்து காட்டினாள்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். உள்ளே பென்சில் அம்புகள், துண்டுக்குத் துண்டு எண். ஓரிடத்தில் தப்பான அம்பை அழித்துவிட்டு மேலேயே சரியான அம்பு. உள்துணியில் நீலத்தில் மஞ்சள் புள்ளி போட்ட பஸ் சீட் துணி, நடுவில் ஒட்டுப்போட்ட ஒரு பூப்போட்ட துண்டு.

“ஏய், அது என் நைட்டி!” என்றார் நாத்தனார். “கொடியில இருந்து காத்துல பறந்துடுச்சின்னு சொன்ன!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாளியின் முதுகும் குலுங்கியது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“தப்புதாம்மா. என் கைக்கு வராதது யார் கைக்கும் வராதுன்னு நெனச்சுட்டேன்.”

“இருங்கய்யா, போயிடாதீங்க” என்றாள் ஊசியக்கா. “தொறந்த முதுகோட இவரை நடத்த முடியாது. பக்கத்துல உக்காந்து பாருங்க.”

அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாத்தனார் யாளியின் வாய் வழியாக நீளக் குழாய் விட்டுத் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தார், திட்டிக்கொண்டே கொடுத்தார். உள்ளே கொதிக்கிற வெக்கையில் தபால்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஊசியக்கா இந்த ஓரம் ஒரு குத்து, அந்த ஓரம் ஒரு குத்து என்று போட்டு இழுத்தாள். இழுக்க இழுக்கப் பிளந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு ஊசிமுனையால் முடியை எடுத்தாள். மற்ற வேஷக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். ஒரு புலி, இரண்டு முயல், கொம்பு வைத்த குதிரை ஒன்று. பேசக் கூடாதல்லவா, அத்தனையும் வாயில்லா ஜீவனாக எட்டிப் பார்த்தன. சீப்பால் மூன்று இழுப்பு இழுத்துவிட்டு அவள் எழுந்தாள்.

“இப்பக் கண்டுபிடிங்க” என்றாள்.

மாஸ்டர் முட்டி போட்டுத் தேடினார். விரலால் முடியைக் கோதினார், எதிர்ப்பக்கமாகத் தள்ளினார். “இங்க?” என்றார். நாத்தனார் உதட்டைப் பிதுக்கினார். “இங்கதானே?” அதுவும் இல்லை. கடைசியில் கையைத் தூக்கிவிட்டார். கைதட்டல் முதலில் எங்கோ மூலையில் ஆரம்பித்து அரங்கம் முழுக்கப் பரவியது. புலி தன் கனத்த பஞ்சுப் பாதத்தால் தட்டியது, சத்தமே வரவில்லை, ஆனாலும் விடாமல் தட்டியது.

முதல் பரிசை அந்தக் கொம்புக் குதிரை வாங்கிக்கொண்டு போனது. நல்ல வேலைதான், கழுத்தில் மட்டும் தையல் கொஞ்சம் தெரிந்தது. யாளி பரிசு ஒன்றும் இல்லாமல் அரங்கத்தை மூன்று சுற்று நடந்தது. முன்னைவிட நிமிர்ந்து நடந்தது. சீட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிற அதே ஊர் ஜனம், இப்போது வழிமறித்து யாளியின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஊசியக்கா பின்னாலேயே போனாள், சிரிப்பை அடக்கவும் இல்லை.

வாசலருகே இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் அவளை நிறுத்தினாள். “அக்கா, இது யாரு?”

எத்தனையோ வருடமாக எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. எப்போதும் புருஷனுடைய பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். இன்று நின்றாள்.

“உள்ள இருக்கறது எங்க வீட்டுக்காரரு” என்றாள். “வெளிய இருக்கறது பூரா நான்.”